ஐம்பத்திரண்டு சோப்புகளும் ஒரு நீல வாளியும்

1

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு, மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி அறையிலிருந்த மடிக்கணினிக்குப் பதினான்கு பக்க அறிக்கை வந்து சேர்ந்தது.

கதை அங்கே பிறந்தது. இதை நான் கற்பனையில் கண்டெடுத்ததாக எங்காவது பேட்டி கொடுத்தால் நம்பாதீர்கள். அக்கா அறிக்கையைச் சத்தமாக வாசித்தார், அவருடைய தம்பி திருத்தம் சொன்னான், நான் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"சோப்பின் வாசனை படிக்கட்டிலேயே வந்து கையைப் பிடித்து மேலே அழைத்துப் போகும். அந்த வாசனைக்குள் ஒரு பெண்ணின்—"

நிறுத்திவிட்டேன். வாசனையில் தொடங்கும் கதைகள் மூன்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அடுத்து:

"இயந்திரத்துக்கு மனித மனம் புரியுமா என்ற கேள்வி இன்று—"

இது கருத்தரங்கில் போய் முடியும். எனவே தேதியும் மாடியும் போதும் என்று விட்டுவிட்டேன்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அக்கா எனக்கு அக்கா அல்ல. அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். முன்பு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டு இந்த அறையில் குளியல் சோப்பு செய்கிறார். எண்ணெயும் காரமும் கலந்து நீளக் குழாய் அச்சில் ஊற்றி, இறுகியதும் வட்ட வட்டமாக வெட்டி, நான்கு வாரம் தட்டுகளில் உலர விடுவார். தம்பி அவருடைய உடன்பிறந்த தம்பி. விற்பனை, கூரியர், கணினி எல்லாம் அவன். நான் கீழ்வீட்டுக்காரன். சோப்பு உறையின் பின்புறத்தில் இருக்கும் நான்கு வரிகள் நான் எழுதியவை. அதற்குக் கூலி, வருடம் முழுவதும் சோப்பு.*

(* அந்தச் சோப்பை நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். நினைவூட்ட வேண்டாம்.)

விஷயம் இதுதான்: ஊரில் பல கிளைகள் உள்ள ஒரு கடை, சிறிய சோப்பு ஒன்றுக்கு மூன்று மாதம் இடம் கொடுப்பதாக அறிவித்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு மாதிரிகளும், "ஏற்கெனவே எங்களிடம் விற்பனையாகும் சோப்பிலிருந்து உங்களுடையது எப்படி வேறுபட்டது?" என்ற கேள்விக்கு ஒரு பக்கப் பதிலும் தர வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்துவிட்டுப் பழைய கூடத்துக்கே திரும்புவதென்று அக்கா முடிவு செய்திருந்தார். அங்கே நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது.

அந்த எதிராளிச் சோப்பைக் கண்காணிக்கத் தம்பி ஒரு செயற்கை நுண்ணறிவை அமர்த்தியிருந்தான். அதற்கு அவன் வைத்த பெயர் ஒற்றன். விலை மாறினால் சொல்லும், உறை மாறினால் சொல்லும், இணையத்தில் வாங்கியவர்கள் எழுதிய நாலாயிரம் விமர்சனங்களையும், கூடவே அக்காவின் சோப்புக்கு வந்தவற்றையும் வாசித்துச் சுருக்கிச் சொல்லும். முன்பெல்லாம் இதையே இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகடையாகப் போய், சோப்பை முகர்ந்து, கடைப்பெண் முறைத்ததும் வெளியே ஓடிவந்து செய்துகொண்டிருந்தார்கள்.

"இப்ப யாரும் முறைக்கிறதில்லக்கா. அது ஒண்ணே எனக்குப் பெரிய லாபம்," என்றான் தம்பி.

3

ஒன்பதாம் பக்கத்துப் பத்தியை அப்படியே தருகிறேன்:

"எதிராளியின் விமர்சகர்களில் அதிகச் செல்வாக்குள்ளவர்: 'நீலவாளி'. இதுவரை முப்பத்தொரு விமர்சனங்கள். எளிதில் திருப்தி அடையாதவர். மற்றவர்கள் இவர் சொல்வதை நம்புகிறார்கள். எதிராளிச் சோப்புக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். பரிந்துரை: இவருக்கு உங்கள் சோப்பை இலவசமாக அனுப்பி அறிமுகம் செய்துகொள்ளவும்."

"முப்பத்தொரு விமர்சனமா? வேற வேலையே கிடையாதா இந்த ஆளுக்கு?" என்றார் அக்கா.

"குடையிலேர்ந்து குக்கர் வரைக்கும் எழுதியிருக்காருக்கா. ஒரு குக்கர் மூடிய திட்டியிருக்காரு பாரு, படிச்சா மூடியே அழுதுடும்."

ஒற்றனே மரியாதையான ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தது. "மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு, நாங்கள் ஒரு சிறிய சோப்பு நிறுவனம்..." என்று தொடங்கி, சோப்பின் பெயர், முகவரி கேட்டல், வணக்கம். தம்பி ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்பினான்.

புதன்கிழமை மதியம் பதில் வந்தது. ஒரே வரி.

"வேண்டாம், நன்றி. உங்கள் சோப்பு என்னிடம் ஐம்பத்திரண்டு இருக்கிறது."

அறையில் இருந்த மூன்று பேரும் மடிக்கணினியின் மேல் குனிந்து அதை மறுபடி வாசித்தோம். (எழுதும்போது "மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது" என்று சேர்த்தேன். அந்த அறையில் மின்விசிறி கிடையாது. சோப்பு உலரும்போது காற்று நேராகப் படக் கூடாதாம். எடுத்துவிட்டேன்.)

"ஐம்பத்திரண்டு வாங்குன வாடிக்கையாளர் நமக்கு இருக்காங்களா?"

"ஆறு வாங்குனவங்களே ரெண்டு பேருதான்கா. அதுல ஒருத்தர் மாத்தி அழுத்திட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாரு."

அக்கா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். "காசு குடுத்து வாங்கல. நாமளா குடுத்தது. மாசம் ரெண்டு... இருபத்தேழு மாசம்... ஐம்பத்தி நாலு."

"ரெண்டு ஒதைக்குதே?"

"ரெண்ட தேச்சுப் பாத்திருக்காங்க," என்றார் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. "டேய், அந்த விமர்சனத்துல ஃபோட்டோ இருக்கா?"

இருந்தது. எதிராளிச் சோப்பு ஒரு நீல வாளியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. வாளியின் கைப்பிடி உடைந்து, அந்த இடத்தில் சீருடைத் துணியின் ஓரப்பட்டை முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"சித்தி," என்றார்கள் இருவரும்.

4

இந்த இடத்தில் எனக்குச் சித்தி மேல் சந்தேகம் வந்தது. பாத்திரமாகச் சொல்கிறேன். மாதம் தவறாமல் சோப்பை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கு கண்ணு" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு, எதிராளிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர் எப்படிப்பட்டவராக இருப்பார்?

ஒரு வரைவில் அவர் எதிராளியிடம் கைநீட்டி வாங்கியிருந்தார். அதை எழுதிய கையோடு கிழித்தேன். ஒரு குக்கர் மூடியை அவ்வளவு நேர்மையாகத் திட்டியவரை அப்படி எழுத முடியாது. இன்னொரு வரைவில் அக்காவின் அம்மாவுக்கும் சித்திக்கும் பழைய பகை, அது ஒரு கல்யாணத்தில்—

இல்லை. உண்மையில் என்ன நடந்ததென்றால், நாங்கள் கிளம்பிப் போனோம்.

5

சித்தி பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் துணி வெட்டுபவர். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாகப் பெரிய கத்தரிக்கோல் பிடித்ததில் வலது கட்டைவிரலின் கீழ்மூட்டு புடைத்திருக்கும். கதவைத் திறந்து எங்கள் மூன்று முகங்களையும் பார்த்ததுமே, "மாட்டிக்கிட்டேனா?" என்றார்.

"ஏன் சித்தி, இருபத்தேழு மாசமா?" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எப்படிடி சொல்றது? குடுத்துட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்ப. நல்லா இருக்கான்னு கேக்க மாட்ட. நல்லா இருக்குல்லன்னு கேப்ப."

"அந்தச் சோப்புக்காரன் கிட்ட மட்டும் சொல்றீங்க?"

"அவன் மூஞ்சி எனக்குத் தெரியாதே."

அலமாரியைத் திறந்தார். புடவைகளுக்கு நடுவே, உறை பிரிக்காமல், மாதவாரியாக அடுக்கி ஐம்பத்திரண்டு. "வாசன அருமைடி. துணியெல்லாம் கோயில் மாதிரி மணக்குது. ஆனா உன் சோப்பு உருண்ட. ஈரக் கையில நிக்கவே மாட்டேங்குது. இந்த விரல மடக்க முடியல எனக்கு. ரெண்டு தடவ கால்ல போட்டுக்கிட்டேன். அவன் சோப்புக்கு இடுப்பு இருக்கு. புடிச்சா நிக்குது. அவ்ளோதான்."

தம்பி அங்கேயே கைப்பேசியில் ஒற்றனைக் கூப்பிட்டான். நம் சோப்பு கையில் நிற்கவில்லை என்று வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா? நாலு நொடியில் பதில்: அறுபத்தொரு பேர். "குழந்தை கையிலிருந்து விழுந்தது." "விழுந்து உடைந்தது." "மறுபடி விழுந்தது."

"அப்புறம் ஏண்டா இது அறிக்கையில வரல?"

தம்பி தலையைச் சொறிந்தான். முதல் நாளே ஒற்றனுக்கு அவன் ஓர் உத்தரவு போட்டிருந்தான்: விழுந்தது, உடைந்தது, நசுங்கியது என்று எழுதியிருந்தால் அது கூரியர்காரர்களின் குறை, நம் கணக்கில் சேர்க்காதே. ஒற்றன், சொன்ன சொல் தட்டாமல், அறுபத்தொரு பேரையும் கூரியர்காரர்கள் தலையில் கட்டியிருந்தது. சோப்புப் பெட்டிகளை எடுத்துப்போக வரும் கூரியர் பையனோடு தம்பி ஒரு வருடமாகப் பேசுவதில்லை.

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா—"

"சரி, நான் ஒண்ணு கேக்கட்டா?" என்றார் சித்தி. "உன் பொறந்த நாளுக்கு ஒரு நீலச் சட்ட வெட்டித் தச்சுக் குடுத்தேனே. சூப்பர் சித்தின்னு குதிச்ச. எத்தன தடவ போட்ட?"

அக்கா கூரையைப் பார்த்தார்.

"சொல்லுடி."

"கை ஏறல சித்தி."

முதலில் சிரித்தது யாரென்று எனக்கு நினைவில்லை. கடைசியாக நிறுத்தியவன் தம்பி; அவனுக்கு விக்கல் வந்துவிட்டது.

6

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு ஆசை வந்தது. தம்பியிடம் ஒற்றனை ஒரு மணி நேரம் கடன் வாங்கி, என் கதைக்கும் போட்டியாளர் அலசல் செய்யச் சொன்னேன். அது பணிவாகப் பதில் சொன்னது: இதுபோன்ற கதைகளில் பெரும்பாலானவை கட்டிப்பிடித்து அழுவதில் முடிகின்றன; வேறுபட வேண்டுமானால் சித்தியை வில்லியாக்கலாம்; மேலும், நான்காம் பகுதியில் ஆசிரியர் தன்னைப் பற்றி அதிகம் பேசுகிறார்.

கடைசி வரியை நான் வாசிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

பிறகு, வழக்கம்போல் வரைவை மனைவியிடம் கொடுத்தேன். படித்தாள். "நல்லா இருக்கு," என்றாள்.

இருபது வருடமாகக் கேட்டுவரும் சொல். அன்றுதான் அதைக் கேட்டுப் பயந்தேன்.

"எங்க நழுவுது?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமாவே கேக்கறீங்களா?"

"ஆமா."

"நாலாவது பகுதி. அப்புறம், அந்தச் சோப்ப என்ன பண்ணீங்கன்னு இன்னும் சொல்லல."*

(* கல்யாணம், புதுமனை, பிறந்த நாள் எல்லாவற்றுக்கும் உறையோடு பரிசாகக் கொடுத்துவிட்டேன். எனக்குக் கட்டைவிரலில் ஒன்றுமில்லை. ஆனாலும் நழுவும்.)

7

வியாழக்கிழமை முழுவதும் வேலை சித்தி வீட்டில். அறையின் தட்டுகளில் இருந்த சோப்புகள் ஊற்றி இரண்டு வாரமே ஆனவை, சீவினால் பிய்ந்துவிடும். நன்றாக உலர்ந்தவை உலகத்திலேயே சித்தியின் அலமாரியில்தான் இருந்தன. கடைசி ஆறு மாதத்துப் பன்னிரண்டைக் கடைக்கு என்று ஒதுக்கிவிட்டு, பழையவற்றில் பழகினோம்.

சித்தி துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் சோப்பின் இரு பக்கமும் வளைவு வரைவார். அக்கா காய் சீவும் கத்தியால் சீவுவார். பிறகு சித்தி கையை வாளியில் நனைத்துப் பிடித்துப் பார்ப்பார்.

"நழுவுது."

"நழுவுது."

"இது இடுப்பில்ல, முதுகு. மறுபடி சீவு."

"சித்தி, அவனுக்கு அஞ்சு ஸ்டாரு அள்ளிக் குடுத்தீங்களே, எனக்கு மட்டும் ஏன் இந்தக் கொடும?"

"அவன் என் அக்கா பொண்ணா?"

பதினேழாவது சோப்பைச் சித்தி விரல்களுக்குள் திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவை நனைத்தார். கையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சோப்பு விழவில்லை. தம்பி விசிலடித்தான், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த அளவை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, மாலைக்குள் பன்னிரண்டையும் முடித்தோம்.

ஒரு பக்கப் பதிலை ஒற்றன் எழுதியது. முந்நூறு சொற்கள். அடியில் என் நான்கு வரிகளையும் சேர்த்திருந்தான் தம்பி. சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணி வெட்டும் வேகத்தில் பேனாவை ஓட்டினார். ஒற்றனின் முந்நூறு சொற்கள் போயின. என் நான்கு வரிகளும் போயின. மிஞ்சியது: "ஈரக் கையில் நிற்கும். பழைய வடிவம் நிற்கவில்லை என்று அறுபத்திரண்டு பேர் சொன்னார்கள். மாற்றினோம்."

"அறுபத்தொண்ணுதான சித்தி?" என்றான் தம்பி.

"என்னச் சேக்க மாட்டியா?"

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

8

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவதில், கடை அக்காவின் சோப்பை எல்லாக் கிளைகளிலும் கண் உயரத் தட்டில் வைக்கிறது. இரண்டாவதில், கடை மறுத்துவிட, பழைய கூடத்துக்குத் திரும்பும் அக்கா அங்கே கைகழுவும் இடத்தில் தன் சோப்பை வைக்கிறார். ஒரு நோயாளி அதை எடுத்து— மூன்றாவது, வழக்கமானது என்று ஒற்றன் சொன்னது. அதில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

மூன்றையும் என் மனைவியிடம் காட்டினேன். மூன்றுமே நழுவுகின்றன என்றாள். ஆகவே முடிவு எழுதவில்லை. நடந்ததை மட்டும் தருகிறேன். மிச்சத்தை நீங்கள் பிடித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் என் முகத்தைப் பார்க்காமல் எங்காவது எழுதிவிடுங்கள். யாராவது வாசித்துச் சொல்வார்கள்.

மார்ச் இருபத்தாறாம் தேதி, புதன்கிழமை, கடையிலிருந்து கடிதம் வந்தது. ஆறு கிளைகள், மூன்று மாதம், கீழிருந்து இரண்டாவது தட்டு. அறையைக் காலி செய்யவில்லை. தம்பி கூரியர் பையனிடம் பேசினான்.

மே மாதம் ஒன்பதாம் தேதி காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்த அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், அக்காவின் சோப்புக்குப் புதிய விமர்சனம் ஒன்று பதிவாகியிருந்தது. எழுதியவர்: நீலவாளி. "கையில் நிற்கிறது." நட்சத்திரம் நான்கு.

ஐந்தாவது எங்கே என்று அக்கா ஃபோன் செய்து கேட்டார். சித்தி வேலையில் இருந்தார், எடுக்கவில்லை.