கிளிசரின் திரும்பும் நேரம்

...விசாலாக்ஷி பெயர் மட்டும்தான் இருக்கும் அந்தக் கட்டுரையில், ஐந்து மணித் தபாலில் போய்விடும், மூன்று வருஷமாகக் குளிர்கலத்தருகே விரல் மரத்துப்போக உட்கார்ந்திருப்பவள் நான், அவள் வந்து எட்டு மாதம், நேற்று ஆராய்ச்சிக்கூடத் தலைவர் வேங்கடசுப்ரமணியன் சார் அவள் வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்து "பலே, பலே" என்றார், எனக்கு ஒரு நாளாவது ஒரு பலே... "நீ ஜாக்கிரதையான பொண்ணு" என்பார், தராசைச் சொல்வது போல. கிளிசரின் குளிரக் குளிரப் பனியாக உறைவதில்லை, தேனாகிறது, பிசினாகிறது, கடைசியில் கண்ணாடியாக இறுகுகிறது, ஹைட்ரஜன் பிணைப்பில் மாட்டிய மூலக்கூறுகள் மின்புலம் மாறினால் சட்டென்று திரும்ப முடியாது, அந்தத் தாமதத்தை அளப்பதுதான் எங்கள் வேலை. அவள் கிளிசரின் மட்டும் எல்லோருடையதையும்விட வேகமாகத் திரும்புகிறதாம், புதுசாம். ஏனென்று எனக்குத் தெரியும். போன வாரம் மாட்டுங்காவே மழையில் மிதந்தபோது, ரயில் நின்றுவிடும் என்ற அவசரத்தில், பம்ப்பில் வைத்து ஈரம் போக்காமல், ஜன்னலோரம் திறந்தே கிடந்த பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்றினாள். ஜூலையில் கிளிசரின் காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும், தண்ணீர் புகுந்தால் பிடி தளரும்... பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. கூச்சம் என்று அன்று நினைத்தேன். கூச்சமா?

தாளோடு வருகிறாள், நனைந்த சேலை நுனியைப் பிழிந்தபடி. "ஏண்டி, ஒரு தரம் பாத்துக் குடுத்துடேன். சாருக்கென்ன, பலே போடறதுக்கே பொறந்தவர். தப்பிருந்தா உன் கண்ணுக்குத்தான் படும்." கேலியா? இல்லை, நிஜமாகத்தான் நிற்கிறாள், நகத்தைக் கடித்துக்கொண்டு. வெளியே போகும் எந்தத் தாளிலும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும், இங்கே வழக்கம் அது. சொன்னால் பொறாமை என்பார்கள், பொறாமைதானே, ஆனால் உண்மையும்தானே... சொல்லாவிட்டால் அச்சாகும், எங்கோ ஒருவன் மறுபடி அளந்து பார்ப்பான், அவள் பெயரைச் சொல்லிச் சிரிப்பான், நினைக்கவே இனிக்கிறதே, சீ...

"நன்னாயிருக்கு," என்றேன்.

"அப்பாடா! சலோ, கையெழுத்தைப் போடு, காப்பி என் செலவு."

போட்டேன். தாளை வாங்கிக்கொண்டு சாரின் அறைக்கு ஓடுகிறாள், கதவு வரை பத்தடிதான், கூப்பிட்டால் நிற்பாள். எந்தத் தாளிலும் ஓரத்தில் இரண்டு எழுத்துக் கிறுக்குவதோடு சரி நான், இன்று மட்டும் என் பெயரை முழுதாக, பட்டத்தோடு, 16-7-65 என்று தேதியும் போட்டு, அவள் பெயருக்கு நேர் கீழே, அதே அளவில் எழுதியிருக்கிறேன்... தப்பென்று தெரிந்த தாளில்தானா அங்கே இடம் பிடிக்க வேண்டும் எனக்கு?