இரண்டு வண்டிக்கு ஒரு பிரேக்

யேசுதாஸ் சாவியைப் பாதி திருகிவிட்டுக் காத்திருந்தான். பழைய டீசல் வண்டிக்குப் பொறுமை வேண்டும். உள்ளே ஹீட்டர் சூடேறி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்ன விளக்கு அணைந்த பிறகுதான் செல்ஃப் அடிக்கவேண்டும். விளக்கு அணைந்தது. வண்டி இருமியது, குலுங்கியது, ஒரு குடம் கரும்புகையைக் கக்கியது, பிறகு தன் தாளத்துக்கு வந்து சேர்ந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஷிப்டு ஆட்கள் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா வண்டிண்ணா இது? பாத்ததே இல்லியே" என்றான் வேலைக்குப் புதிதாக வந்த ஒருவன்.

இந்தக் கேள்விக்காகத்தான் யேசுதாஸ் தினமும் அந்த டீக்கடையில் வண்டியை நிறுத்துகிறான் என்று சொன்னால் அது பொய்யில்லை.

"ஜப்பான் இஞ்சினு. டீசல் பிக்கப்பு. கொஞ்ச வருசம் செஞ்சிட்டு கம்பெனிக்காரன் நிறுத்திட்டான். இந்தப் பக்கத்துல ரெண்டே ரெண்டுதான் ஓடுது. ஒண்ணு இது. இன்னொண்ணு பழவேற்காட்டுல சஹாபுதீன் பாய்கிட்ட கீது."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. முன்பக்கம் கார் மாதிரியும் பின்பக்கம் தொட்டியுமாக இருந்த அந்த நீல வண்டிக்கு வாரம் தவறாமல் மெழுகு போட்டுத் தேய்ப்பான். "கட்டுனவளுக்கு ஒரு வாட்டியாவது இப்டி தேய்ச்சி உட்டிருப்பியா?" என்று அவன் மனைவி ஞானம்மா கேட்பாள். அவன் சிரிப்பானே தவிர துணியைக் கீழே வைக்கமாட்டான்.

அந்த வண்டியில் எல்லாம் இருந்தது, பிரேக்கைத் தவிர. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு வழியில்லாமல் நிற்கும் கதைதான். மிதித்த மிதியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்து எண்ணெய் கசிந்தது. சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் கடை ஒன்று விடாமல் தேடியும் மாற்று கிடைக்கவில்லை. கவரைப்பேட்டை மெக்கானிக் வரதன் ஒரு வழி சொன்னார்.

"வேற வண்டி சிலிண்டரு போட்டுடலாம் தாசு. பெடலுக்குப் பின்னால தகட்ட கொஞ்சம் வெட்டணும், ஓட்டை மாத்தணும். ஒருநாள் வேல. ஜம்முனு புடிக்கும்."

"வெட்டுறதா? ஒரிஜினல் பாடி வாத்தியாரே! கை வெக்கக் கூடாது."

வரதன் தலையில் அடித்துக்கொண்டார். யேசுதாஸ் மூன்று தடவை மிதித்தான், பிரேக் பிடித்தது. ஒரே மிதியில் பிடிக்காது. மிதித்து, விட்டு, மறுபடி மிதித்தால் பிடிக்கும். நாளடைவில் கால் அதற்குப் பழகிவிட்டது. பழகிய பிறகு அது குறையாகவே தெரியவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று சான்றிதழ் வாங்கும் எஃப்சி நாளில் மட்டும் அது குறையாகத் தெரிந்தது. ஊரில் பழைய வண்டிக்காரர்கள் பலரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. எஃப்சி அன்றைக்கு நல்ல டயரை வாடகைக்கு வாங்கி மாட்டுவார்கள், பாஸ் ஆனதும் கழற்றித் திருப்பித் தந்துவிட்டு வழுக்கை டயரோடு வீட்டுக்குப் போவார்கள். யேசுதாஸும் சஹாபுதீனும் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு வண்டிக்கும் சேர்த்து அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல சிலிண்டர், பாய் வண்டியோடு வந்தது. தை மாதம் யேசுதாஸின் எஃப்சி; சிலிண்டர் அவனிடம் வரும். ஆடியில் பாயின் எஃப்சி. சிலிண்டர் அவரிடம் போகும். நல்ல பிரேக் யாரிடம் இல்லையோ அவர் அடுத்த முறை வரும்வரை மிதித்து மிதித்து ஓட்டுவார். கூடப்பிறந்தவர்கள்கூட இப்படிப் பங்கு போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று இருவரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அந்த வருடமும் ஆடி பிறந்தது. சிலிண்டர் பழவேற்காட்டுக்குப் போனது. பின்னாலேயே கங்கம்மா வந்தாள்.

கங்கம்மா யேசுதாஸின் தெருக்காரி. மகனுக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்ததற்காகப் பெரியபாளையத்து அம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டியிருந்தது. உறவுக்காரர்கள், குழந்தைகள், பானை, விறகு, ஒரு சேவல் எல்லாம் தொட்டியில் ஏறவேண்டும். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றக்கூடாது என்பது சட்டம். ஆடி மாதத்தில் அந்தச் சட்டத்தை யார் பார்த்தார்கள்?

"பிரேக்கு நல்லா கீதா?" என்று ஞானம்மா மட்டும் கேட்டாள்.

"என் கால் கீதுல்ல" என்றான் யேசுதாஸ்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியபாளையத்துக்கு முன்னால் இருக்கும் ஆரணி தாண்டியதும் சாலை முழுக்க மஞ்சள் சேலைகள். நடந்து போகிறவர்கள், டிராக்டரில் போகிறவர்கள், மேளம் அடித்துக்கொண்டு போகிறவர்கள். ஒரு சின்னப் பாலம் ஏறி இறங்கும் இடத்தில் வேப்பிலைச் சேலை கட்டிய பெண்கள் கூட்டமாகக் குறுக்கே வந்தார்கள். யேசுதாஸ் மிதித்தான். கால் தரை வரைக்கும் போனது. மறுபடி மிதித்தான். இறக்கம், தொட்டி நிறைய ஆட்கள். மூன்றாவது மிதிக்கு நேரமில்லை. இடது பக்கம் ஒடித்தான்.

இடது பக்கம் மண் ஓரத்தில் மணியம்மாள் நின்றிருந்தாள். நடந்தே பூவும் வேப்பிலையும் விற்கிறவள். வண்டி வருவதைப் பார்த்துவிட்டுக் கூடையோடு இன்னும் பின்னால் தள்ளி நின்றாள். அவள் ஒதுங்கியதை யேசுதாஸ் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தான். ஒதுங்கிய இடத்திலேயே வண்டி அவளைப் போய் மோதி, கால்மேல் ஏறி, வேலிக்கல்லில் முட்டி நின்றது.

தொட்டியில் இருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போனது. மணியம்மாளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போயிருந்தது, எடுத்துவிட்டார்கள். வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய் நிறுத்தினார்கள்.

மறுநாள் காலை சஹாபுதீன் தன் வண்டியிலேயே யேசுதாஸ் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். ஆபத்துக்கு ஓடிவருகிறவர். எது ஆபத்து என்பதில்தான் அவருக்குக் கணக்குத் தப்பியது.

"தாசு, சாயங்காலம் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டிய சோதிப்பாரு. பிரேக் இல்லன்னு எழுதிட்டா உன் லைசென்சு போச்சு, பர்மிட்டு போச்சு, ஜெயிலு வேற. என் எஃப்சி முடிஞ்சிது. சிலிண்டர கழட்டி எட்தாந்துட்டேன். ஸ்டேஷன்ல ஏட்டையாவ கவனிச்சாச்சு. எல்லாரும் கோயில் பந்தோபஸ்துக்குப் போயிட்டாங்க. மதியத்துல மாட்டிடுறேன்."

"அப்போ எப்டி இடிச்சிதுன்னு கேப்பாங்களே பாய்?"

"பூக்காரம்மா குறுக்க வந்துச்சுன்னு எழுதியாச்சுபா. அதுவும் ரேகை வெச்சிடுச்சாம். நீ ஒண்ணு பண்ணு. ரொட்டி, பழம் வாங்கினு போய் அதப் பாத்துட்டு வா. மனுசன்னா அதான் மொற."

யேசுதாஸ் மறுக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வண்டி கைவிட்டுப் போகாது என்ற நிம்மதி.

மணியம்மாள் வார்டின் கடைசிக் கட்டிலில் கிடந்தாள். போர்வை ஒரு பக்கம் காலின் உருவத்தில் மேடாகவும், மறுபக்கம் தட்டையாகவும் இருந்தது. யேசுதாஸ் அந்தத் தட்டையான இடத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். யாரென்று சொன்னதும் அவள் எழுந்து உட்கார முயன்றாள்.

"நீதான் அந்த வண்டிக்காரனா? உக்காரு நைனா. பூ கட்டிக்கினே நின்னுனு இருந்தனா, இன்னா நடந்துச்சுன்னே தெர்ல. நாந்தான் குறுக்க வந்துட்டேன்னு போலீசுக்காரரு சொன்னாரு. அப்டித்தான் இருக்கும்னு ரேகை வெச்சேன்."

யேசுதாஸ் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தான்.

"உன் வண்டிய வேற புடிச்சி வெச்சிக்கினாங்களாமே. புள்ளகுட்டிக்காரன். சாமிக்குப் போற ஜனத்த ஏத்திக்கினு வந்தவன். என்னால உனக்கு எவ்ளோ பேஜாரு! மனசுல வெச்சிக்காத நைனா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். சாபம் விட்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பான். காலை இழந்தவள் காலை எடுத்தவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். ஏழைக்கு ஏதாவது நடந்தால் அது தன் தப்பாகத்தான் இருக்கும் என்று நம்பப் பழக்கி வைத்திருக்கிறோமே, அந்தப் பழக்கம் அவளைப் பேசவைத்தது. யேசுதாஸ் ரொட்டிப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓடாத குறையாக வெளியே வந்தான்.

ஸ்டேஷன் காம்பவுண்டில் சஹாபுதீன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். முகமெல்லாம் கிரீஸ்.

"வேணாம் பாய். வெளிய வா."

"இன்னும் ரெண்டு நட்டுதான்பா."

"அது ஓரமாத்தான் நின்னுச்சு பாய். நான் பாத்தேன். என்னப் பாத்துப் பின்னால வேற போச்சு. இப்போ நம்ம சிலிண்டரு உள்ள போனா, வண்டி நல்ல வண்டி, அந்தம்மா கெட்டதுன்னு ஆயிடும். நஷ்டஈடும் வராது, ஒண்ணும் வராது. கால எட்தாச்சு. மிச்சம் கீறது அதோட நியாயம். அதையும் நானே எடுக்கணுமா?"

சஹாபுதீன் வெளியே வந்து மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"உள்ள போவேடா தாசு."

"போறேன்."

"வண்டி?"

"துருப்புடிச்சி இங்கியே கெடக்கட்டும். பழச இருந்த மாரியே திருப்பி மாட்டிடு. இத எட்தும்போய் உன் வண்டில மாட்டு. இனிமே எவனுக்கும் கழட்டிக் குடுக்காத, எனக்குந்தான்."

சாயங்காலம் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். தை மாதம் இந்த வண்டிக்கு எஃப்சி போட்டவரும் அவரேதான். ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். கால் தரையில் போய் இடித்தது. முகம் மாறியது.

"தை மாசம் நான் மிதிக்கும்போது நல்லா பிடிச்சுதே?"

"அது இரவல் பிரேக்கு சார். உங்ககிட்ட காட்டிட்டு ஆடியில கழட்டிட்டோம். உங்களுக்குக் காட்டத்தான் பிரேக்கு, ஓட்டுறதுக்கு வேணாம்னு நெனச்சிட்டோம். மாத்துறதுக்கு வழி இருந்துச்சு சார். வண்டி அழகு கெட்டுடும்னு நாந்தான் மாத்தல."

ஏட்டையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சஹாபுதீன் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். "இரவல் குடுத்தவன் நான் சார். என் பேரையும் எழுதிக்கங்க" என்றார். இன்ஸ்பெக்டர் வெகுநேரம் பேனாவைத் திறக்கவேயில்லை. அவர் கையெழுத்தும் அந்த எஃப்சியில் இருந்ததல்லவா? பிறகு எழுதினார்.

ஜாமீனில் வந்த அன்றே யேசுதாஸ் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனான். கையில் எதுவும் எடுத்துப் போகவில்லை. கட்டிலருகே நின்றுகொண்டே சொன்னான்.

"எம்மா, நீ குறுக்க வர்ல. ஓரமாத்தான் நின்ன. என் வண்டிலதான் பிரேக்கு இல்ல. போலீசுல சொல்லிட்டேன். உன்கிட்டயும் சொல்லணும்னு வந்தேன்."

மணியம்மாள் அவனையே பார்த்தாள்.

"பிரேக்கு அப்போதான் புட்டுக்கிச்சா?"

"இல்லம்மா. வருசத்துல பாதி நாளு அப்டித்தான்."

"தெரிஞ்சேவா அத்தினி ஜனத்த ஏத்திக்கினு வந்த?"

"ஆமா."

அவள் கண் நிறைந்தது. அன்றைக்குச் சொன்ன 'நைனா' இன்றைக்கு வரவில்லை. அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"தெரியாம இடிச்சா, அது விபத்து. பிரேக்கு இல்லன்னு தெரிஞ்சிக்கினே வண்டிய எட்தா, அது விபத்து இல்ல. கோர்ட்டுலயும் இத அப்டியே சொல்லு, சத்தமா சொல்லு. உன்ன மாரி இன்னும் எத்தினி பேரு மிதிச்சி மிதிச்சி ஓட்டினுகீறாங்களோ, அவங்க காதுல உழட்டும்."