பெயர் இருக்கிற தாள்கள்

ஐந்து பென்சில்களைச் சீவி வரிசையாக வைத்துவிட்டு ஆறாவதின் நுனியை ஊதுகிறாள் ஷிரா, சமையலறை மேசையெங்கும் மரச்சுருள்கள், அடுத்த ஞாயிறு வகுப்புக்கு இன்றைக்கே சீவி வைத்தால்தான் அவளுக்கு மனம் ஆறும், எட்டுப் பிள்ளைகள், எட்டுப் பென்சில்கள், யூத ஜெபாலயத்தின் ஞாயிற்றுப் பள்ளியில் என் மகள் ஆசிரியை இல்லை, ஆசிரியைக்கு உதவி செய்யும் பதினாறு வயதுக்காரி, மூக்குத் துடைப்பவள், சப்பாத்து நாடா கட்டிவிடுபவள், வலமிருந்து இடமாக ஓடும் எபிரேய எழுத்தின் கீழ் விரல் வைத்துக் காட்டுபவள், நான் அடுப்படியில் மத்தியானப் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருக்கிறேன், யன்னலுக்கு வெளியே டொரொன்டோவின் பெப்ரவரி, ஆறாவது பென்சிலை வைத்துவிட்டு ஏழாவதை எடுக்கப்போன கை நிற்கிறது, அப்பா, நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன்.

என்ன பிள்ளை, என்றேன், திரும்பிப் பார்க்கவில்லை, இண்டைக்கு நிறம் தீட்டக் குடுத்த தாளெல்லாத்தையும் நீலத் தொட்டிக்குள்ள போட்டிட்டனப்பா, அது பழைய பேப்பர் போடுற தொட்டிதானே, வேற எங்க போடுறது, இல்லையப்பா, அது செபப் புத்தகத்திலயிருந்து நான் பிரதி எடுத்தது, அதில பேர் இருக்கு, ஆற்ற பேர், தெரியாத மாதிரிக் கேக்காதேங்கோ. எனக்குத் தெரியும், ஹான்னாவைக் கட்டிய இந்தப் பதினெட்டு வருடங்களில் அவர்கள் வழக்கங்களில் பாதியாவது தெரியும், கடவுளின் பெயர் முழுதாக உள்ள தாளைக் கிழிக்கக்கூடாது, எறியக்கூடாது, ஜெபாலயத்து அலுமாரிக்குள் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது, அதில் சேர்த்து வருடத்துக்கு ஒருமுறை மனிதரை அடக்குவதுபோல மயானத்தில் மண்ணுக்குள் வைப்பார்கள். இரண்டு மணிக்கு ஜெபாலயக் காவலாளி தொட்டியைத் தெருவிலுள்ள பெரிய தொட்டிக்குள் கொட்டிப் பூட்டிவிடுவான், நாளைக் காலை லொறி வரும், இப்போது ஒன்று பத்து.

அவளுக்கு ஐந்து வயதில் செபப் புத்தகம் கைதவறி விழுந்தது, எடுத்து முத்தமிடு என்றாள் ஹான்னா, நான் யோசிக்கவேயில்லை, அதை வாங்கி என் கண்களில் ஒற்றினேன், யாழ்ப்பாணத்தில் கால் பட்ட கொப்பியை ஒற்றிய அதே கை, அன்றிலிருந்து அவள் இரண்டையும் செய்வாள், முதலில் முத்தம், பிறகு கண், பள்ளியில் மற்ற உதவிக்காரப் பெடியள் பகிடி பண்ணுகிறார்களாம், உனக்கென்ன ரெண்டு தரம் மன்னிப்புக் கேக்கோணுமோ என்று, ஒண்டு அம்மாவுக்கு, ஒண்டு அப்பாவுக்கு எண்டு சொன்னனான் என்று சிரித்தாள், எப்போது சிரித்தாள், போன வருடமா, இல்லை, அன்று காலையில்தான், அல்லது இரண்டு நாளும் எனக்குள் ஒன்றாகிவிட்டன.

பத்து நிமிசம் பொறு, புட்டு அவிஞ்சிடும், காரில கொண்டுபோறன். உங்கட பத்து நிமிசம் எனக்குத் தெரியாதே, போன கிழமை உங்கட பத்து நிமிசத்தில அம்மா ஒரு நித்திரை கொண்டு எழும்பிட்டா. பேப்பர்தானே பிள்ளை, என்று அதற்குப் பிறகும் நான் சொன்னேன், அதைத்தான் சொன்னேன், அவள் கழுத்துத் துணியைச் சுற்றிப் பையைத் தோளில் போட்டாள், கதவு சாத்தியது. ஒன்று ஐம்பதுக்குப் புட்டுப் பானையை இறக்கினேன், இரண்டேகாலுக்கு யன்னலுக்குப் போனேன், தெருவில் உப்புத் தூவியிருக்கிறார்களா என்று பார்த்தேன், தூவவில்லை, அவளுடைய கைத்தொலைபேசிக்கு அடித்தேன், அது மேசையில் மரச்சுருள்களுக்கு நடுவிலிருந்து ஒலித்தது, மூன்று மணிக்கு வாசல் மணி, இரண்டு பொலிஸ் சீருடைகள், இரண்டு தொப்பிகள், வழுக்கிய கார் என்றார்கள், பாதசாரிக் கடவையில் என்றார்கள், நான் அவர்களிடம் கேட்டது போகும்போதா வரும்போதா என்பதை மட்டும்தான், அவர்களுக்குக் கேள்வி விளங்கவில்லை, வெறுங்கையோடா, அல்லது தாள்களை எடுத்துவிட்டாளா, அன்றிரவு முழுவதும் எனக்கு அது தெரியவேண்டியிருந்தது, வேறெதையும் நினைக்க எனக்குத் துணிவில்லை.

மறுநாள் அவளுடைய பையைத் தந்தார்கள், ஹான்னா மேசையில் வைத்துத் திறந்தாள், எட்டுத் தாள்கள், மடிக்காமல் ஒரு கொப்பிக்குள், ஓரம் நனைந்து, தலைப்பில் பிள்ளைகளின் கோணல் பெயர்கள், எஸ்ரா என்ற சின்னவன் தன் தாள் முழுக்க ஊதா அடித்திருந்தான், ஹான்னா இரண்டு தரம் எண்ணினாள், எட்டும் இருக்கு என்றாள். அட்டைப்பெட்டிக்குள் போடவேண்டாம், அவளோடேயே மண்ணுக்குள் வைக்கலாம், எங்களில் அப்படி ஒரு வழக்கமுண்டு என்றார் ஜெபாலயத்து ரபி, முதலில் முத்தமிட்டேன், பிறகு கண்களில் ஒற்றினேன், கொடுத்தேன்.

போன மாதம் எஸ்ரா வந்தான், பதினான்கு வயது, என்னைவிட உயரம், அதே வகுப்பில் இப்போது அவன்தான் உதவிக்காரன், அதைச் சொல்லத்தான் வந்தேன் அங்கிள் என்றான், அவள் இருந்த கதிரையிலேயே, தெரியாமல், இருந்தான், ஒரு சப்பாத்து நாடா அவிழ்ந்து தொங்கியது, நான் மேசை லாச்சியைத் திறந்து பென்சில் பெட்டியை எடுத்து வந்தேன், உன்னுடைய பிள்ளைகளுக்கு என்றேன், அவன் ஒவ்வொன்றாக விரல் நுனியில் குத்திப் பார்த்தான், மற்ற ரெண்டையும் சீவித் தரட்டா என்று ஆங்கிலத்தில் கேட்டான், வேண்டாம் என்றேன், ஏனென்று கேட்கவில்லை, நல்ல பிள்ளை, ஆறையும் எடுத்துக்கொண்டு போனான். பத்து நிமிடமாயிருக்கும், பார்க்கிறேன், மேசையில் இரண்டு பென்சில்கள், சீவாமல்.