போன உயிர்களுக்கு டீ

செல்போன் விளையாட்டில் யாருக்காவது ஓர் உயிர் போனால், அந்த உயிர் மறுநாள் காலை டவுன் பஸ் பிடித்து, கௌசல்யா வேலை பார்க்கும் விளையாட்டு ஆய்வுத் துறைக்கு வந்துவிடும். கோயம்புத்தூர் மாவட்டத்து உயிர்கள் மட்டும்தான் அங்கே வரும். மற்ற மாவட்டங்களுக்கு மற்ற ஊர்களில் துறை உண்டு.

பார்ப்பதற்கு அவை ஆடினவர்களைப் போலவே இருக்கும். ஆடும்போது என்ன உடுத்தியிருந்தார்களோ அதே உடுப்பு. ஆகவே துறையின் வராந்தா பெஞ்சில் நைட்டிகளும் கைலிகளும் பள்ளிக்கூட யூனிஃபார்ம்களுமாக வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரு சப் இன்ஸ்பெக்டரின் உயிர் இடுப்பில் துண்டோடு வந்தது. அதையும் கௌசல்யா "வாங்க சார், உக்காருங்க" என்றுதான் வரவேற்றாள். வேலை என்று வந்துவிட்டால் துண்டென்ன, தொப்பியென்ன.

ஆய்வு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உயிருக்கு ஒரு டீ கொடுத்து, எங்கே விழுந்தீர்கள், கடைசியாக என்ன பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். பதில் விளையாட்டைச் செய்த கம்பெனிக்குப் போகும். கம்பெனிக்காரர்கள் பள்ளத்தைச் சின்னதாக்குவார்கள், பாம்பை மெதுவாக ஓடவிடுவார்கள். கண்டிப்பு ஒன்றே ஒன்றுதான். உயிர் பேசி முடிக்கும்வரை அதன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் அதற்கு எல்லாம் மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதில் கௌசல்யாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பக்கத்தில் பல்லி விழுந்தாலும் திரும்பமாட்டாள்.

பேட்டி முடிந்த உயிர்களைச் சாயங்காலம் ஒரு பஸ்ஸில் ஏற்றி, ஊருக்குக் கிழக்கே மூடிக்கிடக்கும் ஒரு மில்லின் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு அனுப்பிவிடுவார்கள். அவை அங்கேயே குடியிருக்கும்.

அத்தனை முகங்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது அவளுக்குக் கண் எரியும். வீட்டில் யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். பார்ப்பதற்கு அங்கே இருந்ததும் ஒரு முகம்தான், அவள் புருஷன் ஜெகதீசனுடையது. பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். கம்பெனி மூடியதிலிருந்து வீட்டோடு இருந்தான். இருவருக்கும் சண்டையென்று எதுவுமில்லை. சண்டை இருந்திருந்தால் அதற்காகவாவது பேசியிருப்பார்கள். அவள் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வாள், அவன் சோபாவில் போனில் ஆடிக்கொண்டிருப்பான். ஒரு மலைப்பாதையில் ஒருவன் நடந்துகொண்டே போகும் விளையாட்டு அது. எதிரி கிடையாது, பாம்பு கிடையாது. ஓர் உடைந்த மரப்பாலமும் அதன் கீழே ஒரு பள்ளமும் மட்டும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை வராந்தா பெஞ்சில் ஜெகதீசனின் உயிர் உட்கார்ந்திருந்தது. நீலக் கட்டம் போட்ட கைலி, கை கிழிந்த பனியன்.

"வாங்க, உக்காருங்க. டீ எடுத்துக்குங்க. எங்க விழுந்தீங்க?"

"பாலத்துலீங்க மேடம்."

வீட்டில் பேசிக்கொண்டிருந்த காலத்தில் 'ஏய்' என்று கூப்பிட்டவன் இங்கே மேடம் என்றது அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் இனித்தது. உயிர் டீயை ஊதி ஊதிக் குடித்தது. உயிர் டீ குடித்தால் ஆடினவர் நாக்கில் அதன் ருசி தட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். துறையின் டீ இஞ்சி தட்டிப் போட்டது.

"ஏன் தாண்டிக் குதிக்கலீங்க? அது சின்னப் பள்ளம்தானே?"

"தோணலீங்க மேடம்" என்றது உயிர். பிறகு, கேட்காமலே, மத்தியானச் சாப்பாட்டை அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவதைப் பற்றிச் சொன்னது. உட்கார்ந்து சாப்பிட்டால் எதிர் நாற்காலி காலியாக இருப்பது தெரிகிறதாம்.

மறுநாளும் ஓர் உயிர் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. எல்லாம் அதே பாலம், அதே பள்ளம். ஒன்று, மாடிவீட்டுக்காரர் தினமும் தண்ணித் தொட்டி வழிந்த பிறகே மோட்டாரை நிறுத்துவதையும் அவர் சம்சாரம் திட்டுவதையும் அப்படியே நடித்துக் காட்டியது. கௌசல்யாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. இன்னொன்று, கம்பெனி கேட்டைப் பூட்டிய அன்று பஸ் ஸ்டாண்டிலேயே இருட்டும்வரை உட்கார்ந்திருந்ததைச் சொல்லிவிட்டு அழுதது. அவளுக்கு இது எதுவுமே தெரியாது. காலையில் கிளம்பும்போதே இன்றைக்கு என்ன சொல்லப்போகிறதோ என்று மனசு அடித்துக்கொள்ளும். உண்மையைச் சொன்னால், கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிக் கிளம்பியதில்லை.

ஆனால் ஆராய்ச்சிக்காரி ஆராய்ச்சிக்காரிதான். ஒரே ஆள் ஒரே இடத்தில் இத்தனை தடவை விழுந்தால் பள்ளத்தில்தான் கோளாறு என்பது அவள் படித்த படிப்பு. தினம் தினம் மனுஷன் விழுகிறானே என்ற பாசமும் சேர்ந்துகொண்டது. கம்பெனிக்குப் போன் போட்டு, அந்தப் பள்ளத்தை மூடச் சொன்னாள். அவர்கள் அன்றைக்கே மூடிவிட்டார்கள்.

அதன் பிறகு ஜெகதீசனின் உயிர் ஒன்றுகூட வரவில்லை. பெஞ்சில் வேறு கைலிகள் இருந்தன.

வீட்டில் அவன் சோபாவில் இருந்தான். திரையில் அந்த ஆள் சமதரையில் நடந்து, பாலம் இருந்த இடத்தில் நின்று, திரும்பி வந்து, மறுபடியும் போய் நின்றான்.

"பள்ளத்த யாரோ மூடிட்டாங்க" என்றான் ஜெகதீசன். அவனாக அவளிடம் வாய் திறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"நல்லதுதானுங்களே. இனி விழ வேண்டியதில்ல."

"ம். அதுல வேற எங்கயும் சாக வழியில்ல." போனைக் கவிழ்த்து வைத்தான். "உன்ற ஆபீஸ் டீயில இஞ்சி நல்லா இருக்கும். நாக்குலயே நிக்கும். இப்ப ஒண்ணும் இல்ல."

கௌசல்யாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இவன் தவறி விழவில்லை. அவள் எதிரில் வந்து உட்கார இவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. அதைத் தன் கையாலேயே மூடிவிட்டாள்.

உடனே அடுப்படிக்குப் போய் இஞ்சி தட்டி டீ போட்டாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஆபீஸில் போலவே அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "சொல்லுங்க" என்றாள்.

ஜெகதீசன் வாயைத் திறந்தான். யோசித்தான். சங்கடமாக அவளைப் பார்த்தான்.

"எல்லாந்தான் அப்பவே சொல்லிட்டனே, கௌசி."

டீ ஆடை கட்டும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முழுக்க உயிர்களோடு போய்விட்டிருந்தது.

மறுநாள் துறைத்தலைவர் அருளானந்தத்திடம் இதற்கு வழி கேட்டாள். சொந்தக்காரர்கள் போய்க் கூப்பிட்டு, உயிரும் சம்மதித்தால், ஒன்றைத் திருப்பி அழைத்துவரலாம் என்றார் அவர். "ஒண்ணு போதுமாம்மா?" என்றும் கேட்டார். ஒன்று போதும் என்றாள் அவள். பேசத் தெரிந்த ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மில் லைன் வீட்டுக்குப் போனாள். ஜெகதீசனின் உயிர்கள் எல்லாம் ஒரே வீட்டில் இருந்தன. ஒன்று கைலி துவைத்துக்கொண்டிருந்தது. ஒன்று தக்காளி நறுக்கியது. மாடிவீட்டுக்காரரை நடித்துக் காட்டிய உயிர் மறுபடியும் அதையே நடித்துக்கொண்டிருக்க, மற்றவை புதிதாகக் கேட்பதைப் போலச் சிரித்தன. அவளைப் பார்த்ததும் எல்லாம் மரியாதையாக எழுந்து நின்றன.

"உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் வீட்டுக்கு வாங்க" என்றாள் கௌசல்யா. "நான் இனிமே வீட்டுலயே பார்த்துக் கேக்கறேன். ஆபீஸ் மாதிரியே கேக்கறேன். அவர அப்படி ஊமையா பாக்க முடியலீங்க. வாங்க, ஒருத்தர் வந்தாப் போதும்." அவளுக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை.

உயிர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"தப்பா நெனைக்காதீங்க மேடம்" என்றது துவைத்துக்கொண்டிருந்த உயிர். "கேக்கறதுக்கு எங்களுக்கு இங்கயே ஆள் இருக்குதுங்க."

உள்ளேயிருந்து ஒரு தட்டில் டீ கிளாஸ்களோடு கௌசல்யாவின் உயிர் வந்தது. மஞ்சள் பூப்போட்ட காட்டன் சேலை கட்டியிருந்தது. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, நடித்துக்கொண்டிருந்த உயிரின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் முகத்தைப் பார்த்தது. கௌசல்யா வாழ்நாளில் ஒரு விளையாட்டும் ஆடியதில்லை. விதிப்படி ஆராய்ச்சிக்காரர்கள் ஆடக் கூடாது.

அவளுக்கும் ஒரு கிளாஸ் டீ இருந்தது. வாங்கிக்கொண்டு, வேலை மறக்காமல் கேட்டாள்.

"எங்க விழுந்தீங்க?"

"வீட்டுல" என்றது அவளுடைய உயிர், திரும்பாமலே. "அவரு கம்பெனி மூடின அன்னிக்கு. ராத்திரி வந்து ஏதோ சொல்ல வந்தாரு. நான் ஆபீஸ்ல இருந்து அப்பத்தான் வந்திருந்தேன்."

"கடைசியா என்ன பார்த்தீங்க?"

"செருப்பு. கழட்டிட்டு இருந்தேன்."

கௌசல்யா டீயைக் குடித்து முடித்தாள். நன்றாகவே இருந்தது. அவளை வழியனுப்ப இரண்டு உயிர்கள் வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டதும் அவசரமாகத் திரும்பிப் போயின.

காலியாக இருந்த பக்கத்து வீட்டுக்கு மில் வாட்ச்மேன் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டாள்.

"உயிர் போனப்புறம் மிச்சம் இருக்கறவங்களுக்குங்க. உங்களுக்கும் சாருக்கும். எப்ப வர்றீங்க?"

கௌசல்யா உள்ளே எட்டிப் பார்த்தாள். சின்ன ஹால், ஓர் அறை, அடுப்படி. இரண்டு பேருக்குத் தாராளம்.

"ஜன்னலுக்கு மட்டும் பச்சை பெயின்ட் அடிச்சிருங்க" என்றாள். "அவருக்குப் பச்சை பிடிக்கும்."