நசீர் அகமது வீட்டு வாசற்படி

ஆம்பூர் நசீர் அகமது வீட்டு வாசற்படியில் உணவுப் பண்டங்கள் அந்தரத்தில் நிற்கத் தொடங்கியது போன ரமலான் மாதத்தில். முதலில் நின்றது பால். அவர் மனைவி ஃபிர்தௌஸ் தெருவில் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அவள் வந்துவிட்டாள், அவள் கையும் வந்துவிட்டது, பாக்கெட் மட்டும் நிலைப்படிக்கு நேர் மேலே இடுப்பு உயரத்தில் நின்றுகொண்டது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. அடுத்து தக்காளி நின்றது, பிறகு அரிசி, பிறகு சர்க்கரை. துடைப்பம், சோப்பு, செய்தித்தாள் எல்லாம் தாராளமாகப் போய்வந்தன. மாத்திரைகூடப் போனது, அது வேறு இலாகா போலிருக்கிறது. வாயில் போடும் பண்டம் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. மத்தியானத்துக்குள் வாசல் மளிகைக் கடை மாதிரி ஆகி, உள்ளே போகிறவர்கள் வெண்டைக்காய்க்கும் கொத்தமல்லிக்கட்டுக்கும் அடியில் குனிந்து போக வேண்டியிருந்தது. தெரு மொத்தமும் வந்து பார்த்தது. இரண்டாம் நாள் பாதிப் பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் கரண்ட் போய்விட்டதால் எல்லோரும் அதைப் பேசப் போய்விட்டார்கள்.

காரணம் என்னவாக இருக்கும் என்று முதலில் யோசித்தவள் ஃபிர்தௌஸ்தான். நின்ற ஒவ்வொரு பொருளிலும் ஒரு கரண்டி அளவு காணாமல் போயிருந்தது, சிறிது நேரம் கழித்து இன்னொரு கரண்டி. இப்படி இரண்டு பங்காக மாதிரி எடுக்கும் வழக்கத்தை அவள் ஏற்கெனவே காதுவலிக்கக் கேட்டிருந்தாள். நசீர் அகமது முப்பது வருஷமாக ஷூ தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர். ஆர்டர் கம்மியான அந்த வருஷம், சும்மா இருக்க மனமில்லாமல், ரமலானுக்கு விற்கலாம் என்று இராக்கில் உள்ள பாஸ்ராவிலிருந்து ஒரு கன்டெய்னர் பேரீச்சம்பழம் தருவித்தார். அன்றிலிருந்து வீட்டில் சென்னைத் துறைமுகத்தின் சட்டம்தான் பேச்சு. வெளிநாட்டிலிருந்து வரும் உணவுப் பண்டம் தன் உடம்பில் என்ன இருக்கிறது, எங்கிருந்து வருகிறது, எந்தத் தேதிவரைக்கும் தின்னலாம் என்று லேபிளில் சொல்லியாக வேண்டும். அதிகாரி இரண்டு பங்கு மாதிரி எடுத்து ஒன்றைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார். தேறாவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் தேறாவிட்டால் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அழிக்க வேண்டும். நசீர் அகமது இதையெல்லாம் தின்றுகொண்டே திட்டுவார். பிறகு ஒருநாள் "க்ளியர் ஆயிடுச்சு" என்றார். மறுநாள் லாரி வந்தது. அதற்கு மறுநாள்தான் பால் நின்றது.

வாசலுக்கு என்ன வேண்டும் என்பதை ஃபிர்தௌஸ் பேஜாரான ஒரு நேரத்தில்தான் கண்டுபிடித்தாள். நோன்பு திறக்கும் நேரம் நெருங்க, கையில் பாலோடு நின்றவள் எரிச்சலில், "பால்தான் இது. நேத்து கறந்தது. தண்ணி கலந்திருக்கான், எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இப்ப உடறியா?" என்று கத்தினாள். பால் உள்ளே போய்விட்டது. அதிலிருந்து அந்த வீட்டுக்கு எதைக் கொண்டுவந்தாலும் வாசலில் நின்று உண்மையைச் சொல்லிவிட்டுக் கொண்டுபோக வேண்டும் என்றானது. ஃபிர்தௌஸ் பழகிக்கொண்டாள், அவள் மகள் ஹீனாவும் பழகிக்கொண்டாள். தெருமுனை பிரியாணி மாஸ்டர் ஒரு தேக்சா பிரியாணியோடு வந்து, இன்றைக்கு அறுத்த கறி என்று மூன்று தடவை சொன்னார். தேக்சா நகரவில்லை. "சரி, நேத்து கறி கொஞ்சம் சேர்ந்திருக்கு" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னபிறகு போனது. அவர் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே தலை காட்டவில்லை. நசீர் அகமது தன் பேரீச்சம்பழத்தில் ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அதுவும் நின்றது. பாஸ்ரா பழம், முதல் தரம், புது அறுவடை என்று சொல்லிப் பார்த்தார். பெட்டி அப்படியே நின்றது. பெட்டியை எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனார், அன்றிலிருந்து நோன்பையும் அங்கேயே திறந்தார்.

தோல் தொழில் நடக்கும் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ரமலான் வந்தால் முதலாளி தன்னிடம் வேலை செய்யும் எல்லோருக்கும், எந்த மதமானாலும், பேரீச்சம்பழம் கொடுத்தனுப்புவார். அந்த வருஷம் நசீர் அகமது தாராளமாகக் கொடுத்தார். சந்தைக்காரர்கள் அந்தப் பழத்தை மோந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றதால் அவரிடம் மீதம் ஜாஸ்தி. ஷூவுக்குப் பசை தடவும் பேஸ்டிங் பிரிவில் வேலை செய்யும் செல்லம்மாள் பாலாற்றுக்கு அக்கரையிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். தன் பங்கைத் தொடாமல் ஆறாவது படிக்கும் மகள் நந்தினிக்குக் கொடுத்தாள், இனிப்பு என்றால் அந்தப் பெண்ணுக்கு உயிர். பலர் வீட்டில் உதடு வெந்தது, கை அரித்தது, இரண்டு நாளில் சரியாயிற்று. நந்தினிக்கு வாயிலிருந்து தொண்டைவரை கொப்புளம் கிளம்பி, மூச்சு விட முடியாமல், வேலூர் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள்.

பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது செல்லம்மாள், தின்று மிஞ்சிய பொட்டலத்தோடு நசீர் அகமது வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பாயம்மா, இதுல இன்னா கலந்திருக்குன்னு டாக்டரு கேக்கறாரு. தெரிஞ்சா மருந்து மாத்தலாமாம். டெஸ்டுக்கு அனுப்பிச்சிருக்காங்க, வர லேட்டாவுமாம். பாய்கிட்ட கேட்டா நல்ல பழம்தான்னு சொல்லிட்டு போய்ட்டாரு. நீங்க கேட்டு சொல்லுங்க."

ஃபிர்தௌஸ் பொட்டலத்தை வாங்கி வெளித்திண்ணையில் வைத்தாள். கணவர் வந்ததும் கேட்டாள். நம்ம பழத்துல ஒண்ணுமில்ல என்றார் அவர். அவள் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, வாசலுக்கு நேரே அதை நீட்டி, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். பேரீச்சம்பழம் என்றாள். பாஸ்ராவிலிருந்து வந்தது என்றாள். பழசு, புழு வைத்தது, சர்க்கரைப் பாகில் முக்கியது என்று தோன்றியதையெல்லாம் சொன்னாள். பொட்டலம் நின்ற இடத்தில் நின்றது. கடைசியில் அதைப் பிரித்து மோந்து பார்த்தாள். அந்த வாசனையை அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும், புது ஷூ பெட்டியைத் திறந்தால் வரும் வாசனை அது. கப்பலில் போகும் தோலுக்குப் பூஞ்சை பிடிக்கும் என்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சின்னச் சின்ன மருந்துப் பொட்டலம் போடுவது அவர்கள் தொழில் வழக்கம். "செருப்புப் பொட்டியில போடற பூஞ்ச மருந்து இதுல ஏறியிருக்கு" என்றாள். பழம் கொஞ்சம் நகர்ந்தது. "போடச் சொன்னது என் வீட்டுக்காரர்" என்றாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அவர் தின்றுகொண்டே திட்டிய சட்டம் ஞாபகம் வர, "துறைமுகத்துல ஆகாதுன்னு அழிக்கச் சொன்ன பழம்" என்றாள். பொட்டலம் வாசலைத் தாண்டிப் போய் உள்ளே நின்றிருந்த நசீர் அகமதுவின் காலடியில் விழுந்தது.

அவர் உட்கார்ந்துவிட்டார். "கப்பல்ல அத்தன நாள் வருதே, பூத்துப்போயிடும்னுதான் இங்கேர்ந்து ஒரு பொட்டி மருந்து அனுப்பி எல்லாத்துலயும் போடச் சொன்னேன். முப்பது வருஷமா அதத்தானே செய்யறேன்? கை அப்படியே பழகிடுச்சு" என்றார். அழிக்கக் கொண்டுபோன லாரி எப்படி ஆம்பூருக்குத் திரும்பியது என்பதை அவர் சொல்லவில்லை. அதில் கைப்பழக்கம் எதுவும் கிடையாது, சட்டம் சொன்னதைப் புரிந்துகொண்டே மீறியது அது.

"எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி சொல்லலாம்."

"சொன்னா ஜெயிலு. பெருநாள் முடிஞ்ச கையோட ஹீனாவுக்கு நிக்காஹ். பெருநாள் மட்டும் கழியட்டும், நானே போய்ச் சொல்றேன்."

ஃபிர்தௌஸ் உள்ளே நின்றிருந்த ஹீனாவைப் பார்த்தாள். சரி என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவளை ஊர் வையாது, ஏனென்றால் ஊருக்கு அது தெரியாது. பெருநாளன்று சேமியா பாயசத்தை வாசலில் நின்று பாலிலிருந்து முந்திரிவரைக்கும் உண்மை சொல்லி உள்ளே கொண்டுபோனாள். தொழுகை முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தாள். மறுநாள் காலை கணவர் இன்னும் ஒரு நாள் என்று ஆரம்பித்தபோது, அவள் புர்காவை மாட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாள். ஷூ பெட்டிப் பொட்டலத்தில் அச்சிட்டிருந்த மருந்தின் பெயரை டாக்டரிடம் சொன்னாள். அவர் ஓடிப்போய் ஏதேதோ செய்தார். நந்தினி அன்று சாயங்காலம் இறந்துபோனாள்.

பிறகு நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது. நசீர் அகமதுவைக் கைது செய்தார்கள், ஜாமீனில் விட்டார்கள், வழக்கு நடக்கிறது, வாய்தாவுக்கு வாய்தா அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வருகிறார். ஹீனாவின் நிக்காஹ் வாணியம்பாடியில் ஒரு மண்டபத்தில் நடந்தது, அங்கே சாப்பாடு எந்த வாசலிலும் நிற்கவில்லை. ஆம்பூர் வீட்டு வாசல் மட்டும் மாறவில்லை. தெருப் பிள்ளைகள் ஐஸ் வாங்கினால் அங்கே காட்டிவிட்டுத்தான் தின்கிறார்கள்.

நந்தினி போன ஒரு வாரத்தில் ஃபிர்தௌஸ் பருப்பும் சோறும் ஆக்கித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அக்கரை போனாள். ஒற்றை அறை வீடு, குனிந்து நுழைய வேண்டிய வாசல். அந்த வாசலில் எதுவும் தானாக நின்றதில்லை. நின்றிருந்தால் அந்தப் பழமும் நின்றிருக்கும். ஊரில் எந்தச் சட்டமும் கடைசியாக எட்டிப் பார்க்கும் வாசல் அதுதான், எட்டிப் பார்ப்பதற்குள் பிள்ளையை எடுத்துப் புதைத்தாயிற்று. செல்லம்மாள் நிலைப்படியில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தூக்கைப் பார்த்தாள், காலை மடக்கவில்லை.

"இதுல இன்னா இருக்குது?"

"சோறு. துவரம்பருப்பு. உப்பு, மஞ்சள், பூண்டு."

"வேற?"

"நெய் ஒரு கரண்டி. நான்தான் ஆக்கினேன்."

"வேற?"

வேறு ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் ஃபிர்தௌஸ் வாயைத் திறந்தாள். செல்லம்மாள் கோபமாகக்கூட இல்லை, பதில் வரும்வரை உட்கார்ந்திருப்பவளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும், செல்லம்மா. நீ பொட்டலத்தைக் கொடுத்துட்டுப் போன அன்னிக்கே தெரியும். பெருநாள் கழியட்டும்னு இருந்துட்டேன்."

செல்லம்மாள் காலை மடக்கிக்கொண்டாள். எழுந்து தூக்கை வாங்கினாள். சோறு உள்ளே போயிற்று. பின்னாலேயே ஃபிர்தௌஸும் காலை எடுத்து வைத்தாள். கால் நிலைப்படிக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், அப்படியே நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தாள், போகவில்லை. "அங்கயே இருங்க, பாத்திரத்த கழுவித் தர்றேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் ஃபிர்தௌஸ் சோறு கொண்டுபோகிறாள். செல்லம்மாள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். ஃபிர்தௌஸ் வெயிலானாலும் மழையானாலும் வாசலில் நிற்கிறாள். அக்கம்பக்கத்தில் யாரும் அதை ஒரு பேச்சாக எடுப்பதில்லை, மழைக்காலத்தில் மட்டும் பக்கத்து வீட்டுக்காரி ஒரு குடை கொடுக்கிறாள்.