முத்துப்பேச்சி உட்கார்ந்த இடம்

1959ஆம் வருஷம் வைகாசி மாதம் மூன்றாவது திங்கட்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த முத்துப்பேச்சியை நான்கு ஆண்களும் ஒரு ஜோடி உழவு மாடும் சேர்ந்து இழுத்தும் அசைக்க முடியவில்லை. அவள் ஒல்லியான பெண்பிள்ளை. பூக்கூடையோடு பஸ் ஏறினால் கூடைதான் முதலில் கண்ணுக்குத் தெரியும். கன்னிவாடிக்குத் தெற்கே செம்மண் காட்டில் மல்லிகை போட்டிருந்த நல்லுசாமியின் மனைவி. அந்த வாரம் மல்லிகை விலை படுத்திருந்தது, மழையும் இல்லை, ஆகவே வேடிக்கை பார்க்க ஆளுக்குக் குறைவில்லை.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். முந்தின சனிக்கிழமை திண்டுக்கல் பேகம்பூரில் நர்கீஸ் மகளுக்கு நிக்காஹ். பத்து வருஷமாக அந்த வீட்டுக்குப் பூக் கொடுப்பவள் முத்துப்பேச்சி. அறுபது முழம் மல்லிகையை இறக்கிவிட்டுத் திரும்பியவளின் கையை நர்கீஸ் பிடித்துக்கொண்டாள். "உக்காரு பேச்சி. நின்ன கால்லயே போறதுக்கா வந்தே?" பெரிய தாம்பாளத்தில் பிரியாணியைக் குவித்து நாலு பெண்கள் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே வழக்கம். அந்த நாலில் ஒருத்தியாக முத்துப்பேச்சி உட்கார்ந்தாள். கறித்துண்டு கேட்காமலே அவள் பக்கம் நகர்ந்து வந்தது. கடைசி பஸ் போனதை அவள் கவனிக்கவில்லை. ஞாயிறு காலையில் நர்கீஸின் நாத்தனார்கள் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகையில் தலையை உலர்த்தி, பித்தவெடிப்பு ஓடிய அவள் குதிகாலில் வெண்ணெய் தடவிவிட்டார்கள். மத்தியானம் நெய்ச்சோறும் ஆட்டுக்கால் பாயாவும். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. ஆண்கள் எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றபடி, சட்டியின் அடியில் மிஞ்சியதை வழித்துத் தின்பதுதான் புகுந்த வீட்டு முறை. வெண்ணெய் தடவும்போது அவளுக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. அழுகை அங்கேயே நின்றது, கோபம் அவளோடு பஸ் ஏறி ஊருக்கு வந்தது.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல பூப் பறித்தாள், தண்ணீர் சுமந்தாள், சமைத்தாள். சோற்றுப் பானையையும் வெஞ்சனச் சட்டியையும் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கணவனுக்கும் அவன் அண்ணன் ஒச்சப்பனுக்கும் நடுவில் தனக்கும் ஓர் இலை போட்டு உட்கார்ந்தாள். ஒச்சப்பன் எழுந்திருக்கச் சொன்னார். அவள் எழவில்லை. தோளைத் தொட்டு நகர்த்தப் பார்த்தவர்களுக்குத்தான் எடை தெரிந்தது. பிறகு வாசல் வழியாகக் கயிறு போட்டு மாட்டைப் பூட்டினார்கள், கயிறு அறுந்தது. "பசிக்குதுன்னு கேக்கல மச்சான்," என்றாள் அவள் ஒச்சப்பனிடம். "போடணும்னு கேக்கேன்." உண்மையில் அவளுக்குப் பசியே இல்லை. சனி ஞாயிறு தின்றது இன்னும் உடம்பில் இருந்தது, அதுவே பல நாளைக்குத் தாங்கும் என்றும் தெரிந்தது. தானே போட்டுக்கொள்ளக் கை இருந்தது. போட்டுக்கொள்ளவில்லை.

எழுந்து நடக்கும்போது பழைய எடைதான். இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் பாரம் ஏறியது, இலை வெறுமையாகக் கிடந்தால் நாளுக்கு நாள் கூடியது. விருந்து செரிக்கவில்லை என்று ஊர் முடிவு கட்டியது. சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள், அதைக் குடித்தாள். பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார்கள், அதை விளக்கில் ஊற்றிக் கொளுத்தினாள். வெங்காயத் தரகர் ஒருவர் தராசைக் கட்டித் தொங்கவிட்டார். தெரிந்துகொள்ள அவளுக்கும் ஆசையாக இருந்ததால் இலையை மடியில் வைத்துக்கொண்டு தானாகவே தட்டில் உட்கார்ந்தாள். பதினேழு மணங்குக்குக் கல் வைத்த பிறகு தராசுக் கொம்பு முறிந்தது.

ஐந்தாம் நாள் கருப்பசாமி கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பூசாரி வேலுசாமி நல்ல மனுஷர். "ரெண்டு நாளு தின்னது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிரு தாயி. பாரம் எறங்கிரும்," என்றார். சொல்லாவிட்டால் வத்தலக்குண்டில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடுவேன், திரும்ப இந்த வாசல் மிதிக்க முடியாது என்று ஒச்சப்பன் ஊரறியச் சொன்னார். முத்துப்பேச்சிக்கு அந்த ஊரை விட மனசில்லை. அவள் கையால் நட்ட மல்லிகைச் செடி முந்நூறு இருந்தது. அதிகம் பேசாத நல்லுசாமிமேலும் அவளுக்குப் பிரியம் உண்டு. சாமியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சாமிக்கு முன்னால் சுடுசோறு ஆவி பறந்துகொண்டிருந்தது.

"நல்லா இருந்துச்சு சாமி," என்று சொல்லி விழுந்து கும்பிட்டாள்.

மறுநாள் வண்டி கட்டினார்கள். வண்டியில் ஏறி மடியில் இலையை விரித்து உட்கார்ந்தாள், அச்சு முறிந்தது. இன்னொரு வண்டி இரவல் வாங்கினார்கள், அதன் அச்சும் முறிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் ஒச்சப்பனுக்கு வண்டி கொடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் கூடத்துத் தரை அவளுக்குக் கீழே ஒரு சாண் இறங்கி, வடக்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடியது.

"வீடு போயிரும் பேச்சி," என்றான் நல்லுசாமி. அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு அது.

"போனா மண்ணு கொழச்சுக் கட்டுவோம். எனக்குச் சோறு போடுங்க."

நல்லுசாமி அண்ணனைப் பார்க்கவில்லை. அவள் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தான். பானையின் மேல்சோற்றை அள்ளிப் போட்டான், பழக்கமில்லாததால் பாதி வெளியே சிந்தியது. அவரைக்காய் வெஞ்சனத்தை அதன் பக்கத்தில் வைத்தான். முத்துப்பேச்சி நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு எழுந்தாள். எடை போயிருந்தது. சுவர் விரிசல் அதற்குமேல் நீளவில்லை.

அன்று முதல் அவளுக்கு இலை போடும் வேலை நல்லுசாமியுடையது. ஒச்சப்பன் அந்தக் கூடத்தில் சாப்பிட மாட்டேன் என்று சொல்லி, தோட்டத்து மோட்டார் கொட்டகைக்குத் தூக்குச்சட்டியில் சோறு வரவழைத்து ஏழு வருஷம் தின்றார். 1966 பங்குனியில் அவர் மகனுக்குக் கல்யாணமானது. மருமகள் சின்னக்கண்ணு ஒட்டன்சத்திரத்துக்காரி. விருந்துக்கும் போகவில்லை, வெண்ணெயும் தடவிக்கொள்ளவில்லை. நாலாம் நாள் மத்தியானம் அவள் பானையை இறக்கி வைத்துவிட்டு முத்துப்பேச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஞ்சாங்கம் எடுக்க வந்த ஒச்சப்பன் வாசலிலேயே நின்றார். எந்திரி என்று சொல்ல வாயெடுத்தவர், மருமகளுக்குக் கீழே சாணித்தரை மெல்ல நெரிவதைப் பார்த்தார். முத்துப்பேச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொல்லைக்குப் போய் ஒரு வாழையிலை அறுத்து வந்து, கழுவிப் போட்டு, குனிந்து சோறு வைத்தார்.

"இன்னொரு கரண்டி வைங்க மாமா," என்றாள் சின்னக்கண்ணு.

வைத்தார்.