விசிலைக் கழுவித் தருகிறேன்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. எங்கள் கல்லூரி மலரின் ஆசிரியர் வைஷ்ணவி, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி எனக்குத் தலைப்பைக் கொடுத்தாள்: கால்பந்து கிளப் முதலாளிகள் கோச்சுகளை அவசரப்பட்டு நீக்குகிறார்களா?

"கட்டுரைன்னா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. கதையா குடு. ஆனா முடிவு இருக்கணும்டா. பாதியில விட்டுட்டு அதுதான் கலைன்னு சொல்லக் கூடாது."

சம்மதித்தேன். பஸ் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது, காற்று நன்றாக வந்தது. அந்த இடத்தில் நான் எதற்கும் சம்மதிப்பேன்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

'பாலக்கரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நிஜாமுதீன் பாய், தன் கால்பந்து கிளப்புக்கு மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் வேலை பார்க்கும் வெள்ளைச்சாமியைக் கோச்சாக வைத்தார். தோளில் பச்சைத் துண்டோடு அவர் மைதானத்தில் இறங்கியபோது சூரியன்—'

சூரியன் என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளைச்சாமி நல்லவர். "அவங்கவங்க எடத்துல நில்லுங்கப்பா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாதவர். ஒரு மேட்ச் தோற்றார். பாய்க்கு யாரையும் முகத்துக்கு நேரே நீக்கக் கூச்சம். கிளப்புக்கென்று ஒரே ஒரு பித்தளை விசில் உண்டு, கோச் யாரோ அவர் கழுத்தில் அது தொங்கும். பாய் பக்கத்தில் வந்து உள்ளங்கையை நீட்டுவார்.

"விசில குடுங்க. கழுவித் தரேன்."

உண்மையிலேயே கழுவுவார், டெட்டால் போட்டு. பிறகு அதை அடுத்த ஆளிடம் தருவார்.

எனக்கும் வெள்ளைச்சாமி அலுத்துவிட்டார். பக்கம் நிறைவதற்குள் அழித்தேன்.

3

இரண்டாம் வரைவில் ஆசீர். கையில் லேப்டாப், அதில் நிறைய அம்புக்குறிகள். "எல்லாரும் ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க" என்பார். அவருடைய முதல் மேட்ச்சை டீம் ஜெயித்தது.

(இங்கே கொஞ்சம் கட்டுரை. புதுக் கோச் வந்ததும் டீம் ஜெயிப்பது, புது வார்டன் வந்த வாரம் ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பு தென்படுவதைப் போன்றது. முதலாளிகள் அந்தப் பருப்பைப் பார்த்துவிட்டு, வார்டனை மாற்றுவதுதான் சமையல் என்று முடிவு செய்கிறார்கள்.)

அடுத்த மேட்ச் டிரா. பாய் உள்ளங்கையை நீட்டினார். ஆசீருக்காக வாதாட நான் ஒரு பத்தி எழுதத் தொடங்கி, "ஆனால் காலம் என்பது" என்ற இடத்தில் வெட்கப்பட்டு நிறுத்தினேன். அவரையும் அழித்தேன்.

4

மூன்றாம் வரைவில் பெலிண்டாதான் கிளப்பின் முதல் கோச். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இந்த வரைவில் வெள்ளைச்சாமியும் ஆசீரும் பிறக்கவே இல்லை.

பெலிண்டா பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். இந்த வேலைக்காக ஸ்கூல் பி.டி. டீச்சர் வேலையை விட்டுவிட்டார். ஆண்கள் டீமைப் பெண்ணிடம் கொடுக்க ஊரில் வேறு யாரும் தயாராக இல்லை. இது போனால் அவருக்குப் போக ஒரு மைதானமும் கிடையாது.

"ஒரு சீசன் குடுங்க பாய். அதுக்கப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க."

"சீசனா? கடையில பெயிண்ட் டப்பாவக்கூட நான் அவ்வளவு நாள் வச்சுக்க மாட்டேன், டீச்சர்."

"பசங்க பெயிண்ட் இல்ல."

"பசங்கள யாரு சொன்னா?" என்றார் பாய், மிகவும் மரியாதையாக.

அன்று மாலை பிராக்டீஸில், லெஃப்ட் பேக் அப்ரார் முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நடுவில் நின்றான்.

"என்னப்பா, பஸ் ஸ்டாப்பா அது?"

"வெள்ளைச்சாமி சார் எடத்துல நில்லுன்னாரு, மேடம். ஆசீர் சார் ஏறுன்னாரு. நீங்க யோசிச்சு ஆடுன்னு சொல்றீங்க. அதான்."

"யாரு வெள்ளைச்சாமி?"

அப்ரார் கார்னர் கொடிப் பக்கம் கை காட்டினான். அங்கிருந்து விசில் சத்தம் கேட்டது. பையன்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். பெலிண்டா தன் மார்பைத் தொட்டுப் பார்த்தார். விசில் அங்கேயேதான் தொங்கியது. கொடிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் துண்டு ஆடியது.*

* இதை நான் எழுதவில்லை. என் வரைவில் அப்ரார் சொல்ல வேண்டிய வசனம் "ஷூ கடிக்குது மேடம்".

5

கடுப்பில் கொடிக்கம்பத்தையே அழித்தேன். துண்டு மட்டும், பிடிக்க எதுவுமில்லாமல், அதே உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

சரி, மேட்ச்சுக்குப் போவோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். பயப்படுவதற்கு ஏற்ற வெளிச்சமே இல்லை. பாலக்கரைப் பையன்கள் ஒரு கோல் முன்னால். இன்னும் சற்று நேரம் தாங்கினால் பெலிண்டாவுக்கு வேலை இருக்கும். பாய் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிடுகிறார்.

விசில்.

பையன்கள் நின்றார்கள். எதிர் டீம் நிற்கவில்லை, அவர்களுக்கு அது கேட்கவே இல்லை. பந்து கோலுக்குள் போனது.

"நான் ஊதலப்பா" என்றார் ரெஃப்ரி.

அடுத்த பந்தும் அதே மாதிரி. விசில், கோல், "நான் ஊதல".

கோட்டோரத்தில் இப்போது இரண்டு பேர். துண்டுக்காரர். அவருக்குச் சற்றுத் தள்ளி, கொளுத்தும் வெயிலிலும் லேப்டாப் திரையின் நீலம் முகத்தில் விழ ஒரு இளைஞர். இருவருக்கும் கோபமில்லை. வேலை நேரத்தில் வேலை பார்ப்பவர்களின் முகம். யாரும் அவர்களிடம் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை அல்லவா, விசில் கழுவப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இருவருக்கும் நடுவில் இடம் விட்டிருந்தார்கள்.

ஒரு ஆள் நிற்கும் அளவு.

பாய் முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

6

முடிவு அ: பாய் விசிலை வாங்கிக்கொள்கிறார். பெலிண்டா நடந்து போய் அந்த இடத்தில் நிற்கிறார். அளவு சரியாக இருக்கிறது.

முடிவு ஆ: பெலிண்டா சொல்கிறார், "கழுவ வேணாம் பாய். சுத்தமாத்தான் இருக்கு." பாய் யோசிக்கிறார். நீட்டிய கையால் தாடியைச் சொறிந்துகொண்டு நாற்காலிக்குத் திரும்புகிறார். கோட்டோரம் காலியாகிறது.

எனக்கு ஆ-தான் பிடித்தது. வைஷ்ணவிக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தாள்.

"நிஜாமுதீன் பாய் அப்படிச் செய்ய மாட்டாருடா. நம்ப முடியல."

"இன்னும் ரெண்டு நாள் குடு. நம்ப வைக்கிறேன்."

"நாளைக்கு அச்சுக்குப் போகுது." கொஞ்சம் தயங்கினாள். அவளுக்கும் கூச்சம். "ஒண்ணு பண்ணு. எடிட் பண்ற மாதிரி ஃபைல குடு. கொஞ்சம் சரி பண்ணித் தரேன்."

அவள் குரலில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. நான் மறுபடி ஐந்தாம் பகுதிக்குப் போனேன். 'ஒரு ஆள் நிற்கும் அளவு' என்று எழுதிய வரி அப்படியேதான் இருந்தது. கோட்டோரத்தில் மட்டும் துண்டுக்காரரும் லேப்டாப்காரரும் இன்னொரு ஆளுக்கும் இடம் விட்டு, இன்னும் கொஞ்சம் விலகி நின்றிருந்தார்கள்.

7

ஆகவே ஃபைலை நான் இன்னும் அனுப்பவில்லை. ஆ-வையும் எடுத்துவிட்டேன், அ-வையும் எடுத்துவிட்டேன். விசில் பெலிண்டாவின் கழுத்தில் இருக்கிறது. பாயின் உள்ளங்கை அவர் முன்னால் விரிந்திருக்கிறது. பெலிண்டா அதைப் பார்க்கவில்லை, இந்தப் பக்கம் திரும்பி உங்களைப் பார்க்கிறார்.

"ஒரு சீசன்" என்கிறார்.

இது அச்சில் உங்கள் கைக்கு வந்திருந்தால் யாரோ ஃபைலை வாங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படியென்றால் எந்த வரி வரைக்கும் நான் எழுதியது என்று எனக்கே சொல்லத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டாம். பெலிண்டாவுக்குப் பதில் சொன்னால் போதும். அவசரமில்லை. நிதானமாக யோசியுங்கள், நாங்கள் கோட்டோரத்தில்தான்